பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் கடமையும்

(உக்கடத்தில் கூடிய நமது சங்கக் குடும்பத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டுமா, வேண்டாவா என்று நம் முன்னோர் வாதித்த காலம் ஒன்றுண்டு. அக்காலம் கழிந்தது. இன்று நம்மவருள் கல்வி வேண்டாவென்பார் ஒருவருமிலர். ஆயினும் படிக்கத் தொடங்கிய பிள்ளை பாதியில் நிற்பது மட்டும் நின்றபாடில்லை. இதன் காரணம் யாதென ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் மகனைப் பற்றி முதலிற் கூறுவோம். பெயர் சொல்வது முறையன்று. எட்டாம் வகுப்பில் கணக்கிலே வகுப்புக்கு முதல்வன். அவ்வகுப்புப் பிள்ளைகளுக்கென மத்திய சர்க்கார் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைப் பரீட்சை ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. அதில் தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு ரூ.12,000 உபகாரச் சம்பளம், நான்காண்டில் ரூ.48,000. இச்செய்தி அப்பையன் வீட்டாருக்கு எட்டவில்லை. விண்ணப்பிக்கும் நாளும் கடந்தது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் குடும்பக் கஷ்டத்தால் அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டனர். அவன் தகப்பனாரோடு நாம் பொங்கல் விழாவில் ஒரே பந்தியில் உண்டிருக்கிறோம். "பிள்ளை என்ன படிக்கிறான்?" என்று ஒரு வார்த்தை கேட்டோமில்லை. அக்குற்றம் அந்தத் தகப்பனாருடையதன்று; நம்முடையது.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? பல வீடுகளில் குறைவது பணம் மட்டுமன்று, செய்தியும் குறைகிறது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் சொல்வோம். உக்கடத்திலிருந்து ஆற்றுப்பாலம் வரை செல்லும் மேம்பாலம் 2024 ஆகஸ்டு 9-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேசாத வாயில்லை. அதே நாளில், நம் கோவை அரசு கலைக் கல்லூரியில், தமிழ்ப் புதல்வன் என்னும் திட்டமும் தொடங்கப்பட்டது. சர்க்கார் பள்ளியிலும், உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்பிற்குச் செல்லும் ஆண் பிள்ளைகளுக்கு மாதம் ரூ.1,000 அளிப்பது அதன் நோக்கம். பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிற்று. மேம்பாலத்தின் நீளத்தை விசாரித்த நாம், இவற்றின் விவரத்தை விசாரித்தோமா?

இன்னுஞ் சில கேளுங்கள். பதினோராம் வகுப்பு மாணவர்க்குத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு 2022 முதல் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. 1,500 பேரைத் தெரிந்து, ஈராண்டுக்கு மாதம் ரூ.1,500 கொடுப்பது அதன் ஏற்பாடு. அதற்குப் பாடம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமேயாம். தனிப்பட்ட பயிற்சிச்சாலை வேண்டுவதில்லை. சர்க்கார் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2020-இல் வந்தது. மறு ஆண்டில் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அவ்வாறே விதிக்கப்பட்டது. கடன்பட்டுப் பெருஞ்சம்பளப் பள்ளியில் சேர்ப்பவர் இதையும் நிறுத்துப் பார்த்தல் நலம். விதிகள் காலந்தோறும் திருத்தப்படக்கூடும். ஆதலால் ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமை உபாத்தியாயரிடம் நேரிற் கேட்டறிக. சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தின் வழியே முன்கூட்டிப் பெற்று வைத்திருங்கள். கடைசி நாளில் ஓடுபவன் கையில் ஒரு காகிதம் இருந்தால் மற்றொரு காகிதம் இராது.

"நாங்கள் எழுத்தறியாதவர்கள், உபாத்தியாயர் முன் எப்படிப் பேசுவது?" என்று தாய்மார் சிலர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு அங்கத்தினர் பெற்றோராகவே இருத்தல் வேண்டும். குழுவிற் பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். பிறப்புச் சான்று இல்லையென்று ஆரம்ப வகுப்புகளிற் சேர்க்க மறுத்தலாகாது என்றும், இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிற் சேர்க்க வேண்டுமென்றும் அச்சட்டமே கூறுகிறது. சட்டம் உங்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் வாயிற்படியில் நிற்கிறீர்கள்.

வீட்டில் செய்யத்தக்க உதவியோ செலவில்லாதது. மாலையில் கால்மணி நேரம் பிள்ளையை அருகழைத்து, அன்று கற்றதைச் சொல்லச் சொல்லுங்கள். பாடத்தை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிடினும், தடுமாறுவதும் தடையின்றி வாசிப்பதும் காதுக்குத் தெரியும். சர்க்கார் பாடப் புத்தகங்கள் யாவும் இணையத்தில் இலவசமாய்க் கிடைக்கின்றன. அப்புத்தகங்களிற் பாடந்தோறும் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியிற் காட்டினால் விளக்கப் படங்கள் தோன்றும். பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுப்பது மட்டும் நம் கடமையன்று. அதை எதற்காகக் கொடுத்தோமென்று உடனிருந்து பார்ப்பதே கடமை.

"என் பிள்ளை மந்தம்" என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அவ்வாறு சொல்லுமுன் கண்ணைச் சோதித்தீர்களா? கரும்பலகை தெரியாத பிள்ளைக்குப் பாடமும் தெரியாது. திருச்சி சாலையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தூரமன்று. எழுத்துகள் மாறித் தோன்றி வாசிக்கத் தடுமாறும் குறையுடைய பிள்ளைகளுக்குப் பொதுப் பரீட்சையில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளும் உண்டு. மருத்துவச் சான்று வேண்டும். அடிப்பதால் தீராத குறையைக் கண்டறிவதால் தீர்க்கலாம். பள்ளி சம்பந்தமான ஐயங்களுக்கு 14417 என்னும் தொலைபேசி எண்ணும், பிள்ளைகளுக்கு ஆபத்து நேர்ந்தால் 1098 என்னும் எண்ணும் உள்ளன. இவ்விரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

இனி வாசகசாலை. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. அப்போது கல்வி மந்திரியாயிருந்தவர் நம் கொங்கு நாட்டவரான தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அன்று முதல் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். வரி கொடுத்துவிட்டு நூலகத்தின் பக்கம் செல்லாதவன், விருந்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பட்டினி கிடப்பவனை ஒப்பான். அப்பெரியார் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வாயிலாக, கொங்கு நாட்டவரே ஆன பெ. தூரன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாய் வெளிவந்தது. பின்னர்க் குழந்தைகளுக்கெனவும் பத்துத் தொகுதிகள் வந்தன. நம் ஊர்ப் பெரியோர் தேடி வைத்த இச்செல்வத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் காசின்றி வாசிக்கலாம்.

இறுதியாக, சங்கத்தின் கடமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகர் நாடார் பெருமக்கள், மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியாலும் க்ஷத்திரிய வித்யாசாலையை வளர்த்தனர். அங்குப் படித்தவரே காமராசர். அவர் முதன்மந்திரியானபோது 1956-இல் விரிந்த மதிய உணவுத் திட்டம் ஒரு சாதிப் பிள்ளைகளின் பசியை மட்டும் ஆற்றியதன்று. ஒரு குலத்தார் தம் பிள்ளைகளுக்கென எடுத்த பிடியரிசி நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறாயிற்று. சங்கங்கள் இருப்பதற்கு நியாயம் ஒன்றுண்டாயின், அது இதுவே என்போம்.

ஆதலின் மூன்று தீர்மானங்களைச் சபையின்முன் வைக்கிறோம். ஒன்று: நம் குடும்பங்களில் எட்டு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் அட்டவணையைக் காரியதரிசி தயாரித்தல், பத்துக் குடும்பத்துக்கு ஒருவர் பொறுப்பேற்று, விண்ணப்ப நாள்களை வீடுசென்று அறிவித்தல். இரண்டு: ஆண்டு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவை நிறுத்தி, அத்தொகையைப் புத்தகத்துக்கும் விளக்குக்கும் செலவிடுதல். மூன்று: சங்கக் கட்டடத்தில் மாலை ஆறு முதல் எட்டு மணிவரை படிப்பறை நடத்துதல்.

மூன்றாவதைக் குறித்து ஒரு வார்த்தை. அப்படிப்பறை நம் பிள்ளைகளுக்கு மட்டுமா என்று சில அன்பர்கள் முன்னமே கேட்டனர். உக்கடம் பல சாதியாரும் பல சமயத்தாரும் நெருங்கி வாழும் இடம். பெரிய குளத்துக் காற்று வீட்டு விலாசம் கேட்டு வீசுவதில்லை. நம் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்த தோழன் படிப்பறை வாயிலிலே நிறுத்தப்பட்டால், உள்ளே இருக்கும் நம் பிள்ளை அன்று கற்கும் பாடம் எதுவாயிருக்கும்? அப்பாடத்தை நாம் கற்பிக்க வேண்டா. கதவைத் திறந்து வையுங்கள்.

பட்டறையிலிருக்கும் அப்பையனுக்கு இன்னும் வயதாகிவிடவில்லை. தனித்தேர்வராய்ப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதும் வழி அவனுக்கு உண்டு. முதல் நாள் மாலையில் அவனையும் அழைத்து வருவதாய் அவன் தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறோம். விளக்கேற்றி வைப்பது உங்கள் பொறுப்பு.

வாழ்க நம் மக்கள்! வளர்க கல்வி!