ஆசிரியர் மனமும் மாணவர் நலமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பெற்ற மதிப்பெண் எவ்வளவு என்று தவறாது கேட்கிறோம். அவர்தம் ஆசிரியர் மனநிறைவோடு பணியாற்றுகிறாரா என்று கேட்பவர் மிகச் சிலரே.

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவா ஓபெர்லே, கிம்பர்லி ஷோனர்ட்-ரைக்கல் ஆகிய அறிஞர்கள் 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். 17 வகுப்புகளைச் சேர்ந்த நானூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது மிகும் 'கார்ட்டிசால்' என்னும் சுரப்பை அளந்தனர். பணியால் மனம் சோர்ந்த ஆசிரியரின் வகுப்பில், பிள்ளைகளிடம் காலை வேளையிலேயே அச்சுரப்பு மிகுந்திருந்தது. ஆசிரியரின் சோர்வு பிள்ளைகளை வாட்டியதா, அடங்காத வகுப்பு ஆசிரியரைச் சோர்வித்ததா என்பதை இவ்வாய்வு ஒன்றே முடிவு செய்துவிடாது. எனினும் இரண்டும் பிணைந்தவை என்பது புலனாகிறது.

இரயில் ஓட்டுநருக்கு ஓய்வு நேரம் விதிப்படி உண்டு. அவரை நம்பிப் பயணிகள் பின்னே அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியரை நம்பி ஒரு தலைமுறையே அமர்ந்திருக்கிறது. மக்கட்கணக்கு, பேரிடர் உதவி, தேர்தல் தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது.

சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். நம் கடமை யாது? நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பை இரு அம்மையார்கள் ஊதியமின்றி, ஓய்வுமின்றி நடத்தி வருகின்றனர். அவர்கள் சோர்ந்தால் நம் பிள்ளைகள் தமிழெழுத்தை மறப்பர். மாதம் ஒரு ஞாயிறு, வீட்டுக்கு ஒருவர் துணைநிற்க முன்வருமாறு வேண்டி அமர்கிறேன்.