தொப்பியும் பொதுநிதியும்



பொதுக் காரியம் ஒன்றிற்காகப் பணம் திரட்டுவோர், ஒரேவிதமான தொப்பியைத் தலையில் அணிந்து வீதியில் இறங்குவது இந்நாளில் நம் நாட்டிலே சாதாரண காட்சியாகிவிட்டது. பழைய மாணவர் நடைபவனியாயினும், இரத்ததான முகாமாயினும், விளையாட்டுப் போட்டியாயினும், முதற் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, "தொப்பி அடிப்போமா?" என்று கேட்கிறார். அடிப்பதா, வேண்டாமா, அடித்தால் எவ்வாறு அடிப்பது, அதனால் விளையும் ஆதாயம் யாது, நட்டம் யாது என்பவற்றைப் பற்றித் திருகோணமலைத் துறைமுகத்தையொட்டி வாழ்பவன் என்ற முறையிற் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். அற்ப விடயம் என்றெண்ணி வானொலியை நிறுத்திவிட வேண்டாம். இந்த அற்ப விடயத்தில் ஒரு சங்கத்தின் நற்பெயரே கெட இருந்ததை நான் கண்டிருக்கின்றேன். அதனைப் பின்னர் சொல்லுவேன்.

தொப்பியிற் பெயர் பொறிக்கும் வழக்கத்தைத் திருகோணமலைக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இங்கிருந்த கடற்படைத் தளம் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்படும் வரையில், பிறித்தானிய மாலுமிகள் நம் வீதிகளில் நடமாடினர். அவர்களுடைய வட்டத் தொப்பியைச் சுற்றி ஒரு கறுப்பு நாடா இருக்கும். அதிலே பொன்னிற எழுத்தில் அவர் பணியாற்றும் கப்பலின் பெயர் இருக்கும். நாடாவின் முடிச்சு இடக் காதின் மேலே அமையும். பத்தடி தூரத்தில் வருகின்ற மனிதன் எந்தக் கப்பலைச் சேர்ந்தவன் என்பதைக் கடைக்காரரும் அறிவார், அவனை அடக்கவரும் கடற்படைக் காவலரும் அறிவார்.

இதற்கும் முந்திய காலத்து மாலுமிகளின் தொப்பி இன்னும் சுவையானது. 1857ஆம் ஆண்டில் அக்கடற்படையின் சாதாரண மாலுமிகளுக்கென்று சீருடை விதிக்கப்படுமுன்னரே, அவர்கள் வைக்கோலையோ தாளையோ ஓலையையோ பின்னித் தாமே தொப்பி செய்து, மழைக்குத் தாங்கும்பொருட்டுத் தார் பூசி, அதன்மேற் கப்பலின் பெயரைத் தீட்டிக்கொள்வது உண்டு. பின்னலும் எழுத்தும் அவர்கள் கைவேலையே. ஓலை பின்னுவதில் நம்மவர் அவர்களுக்கு இளைத்தவரல்லர் என்பதை இவ்விடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் அந்த நாடாவிலிருந்து கப்பற் பெயர்கள் மறைந்தன. 'எச்.எம்.எஸ்.' என்ற மூன்றெழுத்து மாத்திரமே எஞ்சியது. காரணம் வெளிப்படை. துறைமுகத்திலே நிற்கும் கப்பல்கள் எவையெவை என்பதைத் தேநீர்க் கடையில் அமர்ந்து தொப்பிகளை வாசித்தே ஓர் ஒற்றன் அறிந்துகொள்ளலாமன்றோ? 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையிற் குண்டு வீசின. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. தலையிலுள்ள நான்கு எழுத்துக்கு எத்துணை வலிமை உண்டென்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தோன்றவில்லை.

உடலில் ஓர் அடையாளத்தை அணிந்து நிதி திரட்டும் முறையும் நமக்குப் புதிதன்று. முதலாம் உலக யுத்தத்தின் பின்னர், நவம்பர் 11ஆந் திகதி சிவப்புப் பொப்பி மலர் விற்று, முன்னாட் போர்வீரர்க்கு நிதி சேர்க்கும் வழக்கம் இங்கும் வந்தது. திரண்ட பணத்திற் பெரும்பகுதி கடல் கடந்து போகின்றது, உள்ளூர் வீரர் புறக்கணிக்கப்படுகின்றனர் என்ற குறை எழுந்தது. 1931ஆம் ஆண்டில் ஏலியன் பெரேரா என்பார் அதே நாளில் விற்பதற்குச் சூரிய மலர் என்னும் வேறொரு மலரை முன்வைத்தார். சிங்களத்திற் சூரிய என்று சொல்லப்படுவது வேறொன்றுமில்லை. நம் வேலியோரத்துப் பூவரசுதான். இரண்டொரு வருடத்தில் அம்மலர் ஏகாதிபத்திய எதிர்ப்பின் சின்னமாகவே மாறியது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடியபோது, அவ்வியக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணி புரிந்தனர். மலரை வாங்கி அணிந்தவர் பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. தாம் எந்தப் பக்கம் என்பதையும் ஊருக்கு அறிவித்தார். நிதி சேர்ப்பில் அணியும் பொருளின் பயன் இவ்விடத்திலேதான் இருக்கின்றது.

கொழும்பிலே 1880ஆம் ஆண்டு முதலாக நடந்துவரும் றோயல், தோமியன் கிரிக்கெட் ஆட்டத்தையும், யாழ்ப்பாணத்தில் 1904ஆம் ஆண்டு முதலாக நடக்கும் வடக்கின் பெரும் போரையும் அறியாதார் இலர். கொழும்பு ஆட்டக் காலத்தில் மாணவர்கள் கல்லூரி வர்ணத் தொப்பியைக் கையிலேந்தி வீதியிற் பணம் சேர்ப்பதும் உண்டு. அங்கே தொப்பி தலைக்கும் ஆகும், உண்டியலுக்கும் ஆகும். அதிகம் சொன்னால் மாணவர்கள் கோபிப்பர், மேலே செல்கின்றேன்.

இனி, நான் கண்ட சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பகுதியிற் பழைய மாணவர் சங்கமொன்று, பாடசாலையின் விஞ்ஞான கூடத்தைத் திருத்துவதற்காக நடைபவனி ஒன்றை ஒழுங்கு செய்தது. அதன் செயற்குழுவில் அடியேனும் ஒருவன். தொப்பிகள் வெளியூரில் அடிக்கப்பட்டு நடைபவனிக்கு முதல் நாள் இரவே வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்தால், முன்புறத்தில் உதவி வழங்கிய வியாபார நிலையத்தின் பெயர் கொட்டை எழுத்திலே நிற்கின்றது. பாடசாலையின் பெயரோ பின்புறத்தில், வார் கட்டும் இடத்தருகே, எறும்பு ஊர்வதுபோல. மறுநாட் காலை உவர்மலையிலிருந்து இறங்கி வருகின்றோம். வாசலிலே நின்ற மூதாட்டி ஒருவர் என்னை மறித்து, "தம்பி, இது எந்தக் கடைக்காரருடைய ஊர்வலம்?" என்று கேட்டார். விளக்கிய பின்னர் மடியிலிருந்து காசு எடுத்துத் தந்தார். விளக்க வாய்ப்பில்லாமற் கதவடைத்தவர் எத்தனை பேரோ?

அதனிலும் பெரிய துன்பம் அடுத்த கிழமை நேர்ந்தது. எங்கள் தொப்பியை அணிந்த இருவர், சங்கத்தின் பேரால், பட்டினத்துக்கு வெளியே வீடுவீடாகப் பணம் வாங்கியிருக்கின்றனர். பற்றுச்சீட்டு இல்லை. அவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. நாங்கள் எத்தனை தொப்பி கொடுத்தோம், யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கு எங்களிடமே இருக்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் எங்களை ஏசினார்கள். அவர்கள் ஏசியது நியாயமே. இழந்த தொகையைச் செயற்குழுவினர் தம் கையாற் கட்டி, வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டோம். ஊரார் நம்பிக்கை திரும்புவதற்கு இரண்டு வருடம் சென்றது.

செலவுக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். தொப்பி ஒன்று 600 ரூபாய் என வைத்துக்கொண்டால், 300 பேருக்கு 1,80,000 ரூபாய். நடைபவனியிற் சேர்வது 4,00,000 ரூபாயானால், நூற்றுக்கு 45 பங்கு தலைக்கே போய்விடுகின்றது. ஆதலால், சேர்ந்த நிதியிலிருந்து ஒரு சதமேனும் தொப்பிக்குச் செலவிடலாகாது என்பது என் துணிபு. உதவியாளர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்கட்டும். அன்றேல் அணிபவரே விலை கொடுத்து வாங்கட்டும். உதவியாளரின் பெயர் உட்புறத்திலோ பக்கத்திலோ இருந்தாற் போதும். இதைக் கேட்டு மனம் சுருங்கும் உதவியாளர் சிலர் இருக்கலாம். அவர்களை விட்டுவிடுவதே மேல்.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். திரை வைத்து அச்சிடும்போது நிறம் ஒவ்வொன்றிற்கும் தனித்தனித் திரை வேண்டும். முப்பது தொப்பிக்கும் முந்நூறு தொப்பிக்கும் அந்தத் திரைச் செலவு ஒன்றே. ஆகவே, சிறு சங்கங்கள் ஒரு நிறத்தோடு நிறுத்திக்கொள்வது புத்தி. நூலாலே பொறிப்பதாயின், 'ணை', 'ழு', 'ஞ' போன்ற சுழி மிகுந்த எழுத்துக்கள் சிறிதாக அமைந்தால் நூல் அடைத்துக் கரும்பொட்டாகிவிடும். பெயர் சுருக்கமாகவும் எழுத்துப் பெரிதாகவும் இருத்தல் வேண்டும். சங்கத்தின் முழுப் பெயர், ஆண்டு நிறைவு, குறிக்கோள் வாசகம் எல்லாவற்றையும் ஏற்றினால் வாசிப்பார் ஒருவரும் இரார்.

மறுமுறை எங்கள் சங்கம் செய்த ஏற்பாட்டைச் சொல்லுகின்றேன். மாலுமியின் உபாயத்தையே நாங்கள் கைக்கொண்டோம். மாலுமி கப்பல் மாறும்போது தொப்பியை எறிவதில்லை. நாடாவை மாத்திரம் மாற்றுவான். அவ்வாறே, எழுத்தில்லாத பனையோலைத் தொப்பிகளைப் பன்னவேலை தெரிந்த நம் மாவட்டப் பெண்களிடம் வாங்கினோம். சார்வோலையை வெயிலில் உலர்த்தி, சத்தகத்தால் வார்ந்து பின்னிய தொப்பி அது. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள், காற்றுப் புகும் அத்தொப்பியின் அருமையை அறிவர். விளிம்பு அகலமாதலாற் பிடரிக்கும் நிழல் உண்டு. தொப்பியைச் சுற்றிக் கட்டுவதற்குத் துணி நாடா தைத்து, அதிலே பாடசாலையின் பெயரையும் ஆண்டையும் அச்சிட்டோம். நடப்பவர்க்கு நீலம், முதலுதவியாளர்க்கு வெள்ளை, பணம் வாங்கும் உரிமை பெற்றவர்க்கு மாத்திரம் சிவப்பு. சிவப்பு நாடா ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். அதே இலக்கம் அவர் கையிலுள்ள பற்றுச்சீட்டுப் புத்தகத்திலும் உண்டு. சிவப்பு நாடா இல்லாதவரிடம் காசு கொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே துண்டுப் பிரசுரத்தாற் சொல்லிவைத்தோம்.

மாலையிற் பணத்தை எண்ணுமுன்னர் நாடாவை எண்ணினோம். இருபது சென்றது, இருபதும் வந்தது. தொப்பியை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோயினர். அடுத்த வருடம் அதே தொப்பியோடு வந்து, புதிய நாடாவுக்கு மாத்திரம் விலை கொடுத்தனர். செலவு இவ்வாறு குறைந்தது. பின்னிக் கொடுத்த பெண்களுக்குக் கிடைத்த கூலியும் மாவட்டத்துக்குள்ளேயே நின்றது. அவர்களுள் ஒருவர், தாம் பின்னியவை வீதியிற் செல்வதைக் காண்பதற்கென்றே பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்திருந்தார்.

குறையும் ஒன்றுண்டு. ஓலைத் தொப்பி வாடைக்கால மழைக்கு ஆகாது. நனைந்தால் ஊதிச் சிதையும். மேலும், ஓலை வெட்டி உலர்த்துவதற்கு வெயிற்காலம் வேண்டும். முந்நூறு தொப்பியை ஒரு கிழமையிற் பின்னித் தருமாறு கேட்பது அப்பெண்களுக்கு இழைக்கும் கொடுமை. ஆதலால், தை, மாசி மாதங்களில் விளையாட்டுப் போட்டி நடத்தும் பாடசாலைகள் ஆவணி மாதத்துக்கு முன்னரே சொல்லிவைத்து, முற்பணமும் கொடுத்துவிடுதல் வேண்டும்.