இல்லத்தின் நினைவுப் பேழை



ஊரைவிட்டு வாழும் நமக்குக் குடும்பப் படங்களும், பெரியோர் குரலும், பிள்ளைகளின் அரங்கேற்ற வீடியோக்களும் பெருஞ்செல்வமாகும். அவை இன்று கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கின்றன. கூகுள் போட்டோஸ் வழங்கிய அளவற்ற இலவச இடமும் 2021 ஜூன் 1 முதல் நின்றுவிட்டது. ஆகவே, வீட்டு ரௌட்டருடன் இணைத்து அனைவரும் பயன்படுத்தத்தக்க 'நாஸ்' என்னும் சேமிப்புப் பெட்டியை நம்மில் பலர் நாடுகிறோம்.

எதனைத் தேர்வது? இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் பொருந்தும் பெட்டியே குடும்பத்திற்குப் போதும். தட்டு ஒவ்வொன்றும் 4 டெராபைட் ஆயின், ஒன்றன் நகலாக மற்றொன்று அமைவதால், நமக்குக் கிட்டும் இடம் 4 டெராபைட்டே; 8 அன்று. ஒன்று பழுதுற்றால் மற்றது காக்கும். எழுதும் வேளையில் மின்சாரம் நின்றால் கோப்புகள் கெடக்கூடும், ஆதலின் யு.பி.எஸ். ஒன்றும் வேண்டும்.

ஆயினும், இவ்விரட்டைத் தட்டு முழுக்காப்பு ஆகாது. குழந்தை ஒரு கோப்பை அழித்தால், அக்கணமே இரண்டிலும் அது அழியும். தீயும் திருட்டும் பெட்டியையே கொண்டுபோகும். மறைந்த பாட்டியின் குரலை மீண்டும் பதிவு செய்தல் இயலுமோ?

மூன்று நகல்கள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேற்றிடத்தில் என்பதே அறிந்தோர் வகுத்த நெறி. நமக்கோ வேற்றிடம் இயல்பாகவே வாய்த்திருக்கிறது. கணினியில் ஒன்று, பெட்டியில் ஒன்று எனக் காத்து, மூன்றாவதைக் கடவுச்சொல்லால் பூட்டி, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பெற்றோர் இல்லத்தில் வைப்போம். மறு ஆண்டு புதுப்பிப்போம். நகலெடுத்ததோடு அமையாது, சில படங்களையேனும் திறந்து பார்ப்போம்.

பெட்டிக்குப் பணம் ஒதுக்கும்போதே அம்மூன்றாம் தட்டிற்கும் சேர்த்து ஒதுக்குவோமாக!