ஒரு பென்னிப் பத்திரிகையும் கனவான்களின் பயமும்



அச்சு யந்திரமும் பத்திரிகையும் மனித சமூகத்தை என்ன செய்தன என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஆதியிலிருந்து உங்கள் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசி வரையில் சொல்லப் புகுந்தால் பொழுது விடிந்துவிடும். ஆகையால் இங்கிலாந்தில் 1815-க்கும் 1855-க்கும் மத்தியில் நடந்த ஒரு சண்டையை மாத்திரம் சொல்லுகிறேன்.

அச்சு வந்தது, அறிவு பரவிற்று, ஜனங்கள் கண் விழித்தார்கள் என்று சொல்லுவார்கள். ஏதோ யந்திரத்துக்கே ஏழைகள் மீது கருணை பிறந்துவிட்ட மாதிரி! பாவமன்னிப்புச் சீட்டைக் கண்டித்து 1517-ல் லூதர் எழுதியதை அச்சடித்ததும் அச்சு யந்திரம்தான். அதற்கு அறுபது வருஷத்துக்கு முன்பே அந்தச் சீட்டை அச்சடித்துத் தள்ளியதும் அதே யந்திரம்தான். ஆகவே யந்திரம் யார் கையில் இருக்கிறது, அதில் வருவதை வாங்க யாருக்குச் சக்தி இருக்கிறது என்பதல்லவா கேள்வி?

1814 நவம்பரில் லண்டன் டைம்ஸ் பத்திரிகை நீராவி யந்திரத்தில் அச்சாயிற்று. மணிக்கு 1100 தாள். கை யந்திரத்தில் 250 அடிப்பதே கஷ்டம். அப்படியானால் பத்திரிகை விலை இறங்க வேண்டுமா, இல்லையா? மறு வருஷமே சர்க்கார் பிரதி ஒன்றுக்கு முத்திரை வரியை 4 பென்ஸாக உயர்த்திவிட்டது. பத்திரிகை விலை 7 பென்ஸ் ஆயிற்று. பண்ணையாளுடைய நாட்கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! எந்தக் கூலிக்காரன் பிள்ளை வயிற்றைக் கட்டிப் பத்திரிகை வாங்குவான்?

வரியில் படாமல் சில்லறை விலைக்குத் துண்டுத்தாள்கள் வந்தன. உடனே 1819-ல் இன்னொரு சட்டம். செய்தியும் அதன்மேல் அபிப்பிராயமும் எழுதி 6 பென்ஸுக்குக் குறைவாக அடிக்கடி வெளியிடுகிறவன் வரி கட்ட வேண்டும். லண்டனில் நடத்தினால் 300 பவுனுக்கு ஜாமீனும் காட்ட வேண்டும். (நம் தேசத்தில் 1910-ம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் கேட்டதே, அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.) சூட்சுமத்தைக் கவனியுங்கள். அதே விஷயத்தைக் கனவான் விலை கொடுத்துப் படித்தால் அறிவு. கூலிக்காரன் ஒரு பென்னிக்குப் படித்தால் ராஜத்துரோகம்!

ரிச்சர்ட் கார்லைல் என்று ஒருவர். தகர வேலைக்காரர். வேதத்தைப் பகுத்தறிவால் பரிசோதித்துத் தாமஸ் பெய்ன் எழுதிய புஸ்தகத்தை அச்சிட்டு விற்றார். 1819-ல் தெய்வ நிந்தனை வழக்கு. கோர்ட்டிலே அந்தப் புஸ்தகத்தையே எதிர்வாதமாக எடுத்து வாசித்தார். ஏன்? வழக்கு விசாரணையை அச்சிடும்போது புஸ்தகமும் கூடவே போய்விடுமல்லவா! ஆறு வருஷம் ஜெயிலில் இருந்தார். கடையை நடத்திய மனைவியும் போனார், பிறகு சகோதரியும் போனார், கடைச் சிப்பந்திகளும் போனார்கள். கடைசியில் விற்கிற ஆள் யாரென்றே தெரியாதபடி கடையில் கடிகார முகம் போல ஒன்று வைத்தார்கள். முள்ளை வேண்டிய புஸ்தகத்தின் பேருக்குத் திருப்பிக் காசைப் போட்டால், புஸ்தகம் துவாரத்தின் வழியாக விழும். யார்மேல் வாரண்டு கொடுப்பது? கடிகாரத்தின் மேலா?

பின்பு ஹென்றி ஹெதரிங்டன் வந்தார். அச்சுத் தொழிலாளி. 1831-ல் ‘ஏழையின் காவலன்’ என்ற பொருள்படும் பெயரில் வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். விலை ஒரு பென்னி. முத்திரை கிடையாது. சட்டத்தை மீறித்தான் வெளியிடுகிறோம் என்று தலைப்பிலேயே அச்சிட்டார். தெருவில் விற்ற ஏழைகள் நூற்றுக்கணக்கில் ஜெயிலுக்குப் போனார்கள். சாராயக் கடையிலும் பட்டறையிலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். எனக்கு இது ஆச்சரியமாயில்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான். மற்றதெல்லாம் டீக்கடைப் பெஞ்சில் ஒரு தையற்காரர் உரக்க வாசிக்கக் கேட்டுக் கற்றதுதான். நடுவில் நிறுத்தி, “அண்ணே, இது எப்படி நிஜமாகும்?” என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1834-ல் ஜூரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘ஏழையின் காவலன்’ அந்தச் சட்டப்படி குற்றமான பத்திரிகையே அல்லவாம்! ஜெயிலில் கிடந்தவர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? 1836-ல் வரி ஒரு பென்னியாகக் குறைந்தது. 1855-ல் கட்டாய முத்திரை வரியே ஒழிந்தது.

இத்தோடு ஜெயம் என்று கை தட்டிவிடாதீர்கள். வரி போனபின் பெரிய முதலாளிகளே ஒரு பென்னிக்குப் பத்திரிகை விற்க வந்தார்கள். நாளடைவில் அடக்க விலைக்கும் குறைவாக விற்கத் துணிந்தார்கள். மிச்சப் பணத்தைக் கொடுத்தவன் மாத்திரைக்காரனும் சோப்புக்காரனும். ஹெதரிங்டன் பத்திரிகை, கூலிக்காரன் தன் பென்னியை நிறுத்தினால் நின்றுவிடும். விளம்பரப் பத்திரிகை, விளம்பரக்காரன் முகம் சுளித்தால் நின்றுவிடும். இரண்டும் யாருக்குப் பயந்து எழுதும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? இன்று கைப்பேசியில் காலை முதல் இரவு வரை இலவசமாகவே வந்து கொட்டுகிறது. இலவசமாய்ச் சோறு போடுகிறவனை ‘நீ யாரப்பா?’ என்று கேட்கிற நாம், இதைக் கேட்பதில்லை.

சாயங்காலம் இந்தப் படிப்பகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, மேஜை மேல் கிடந்த ஒரு தினசரியை எடுத்து விளம்பரங்களை எண்ண ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் எண்ணுவதற்குள் தலைவர் கூப்பிட்டுவிட்டார். மீதியை நீங்கள் எண்ணிப் பாருங்கள். சந்தேகமிருக்கிறவர்கள் இப்போதே கேட்கலாம். என் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.