நாலரை மணித்தியாலம்

விடியப்புறம் பேசாலைக் கரையில் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருப்பவருக்குத் திடீரென வாய் கோணுகிறது, ஒரு கை விழுகிறது, பேச்சுக் குழறுகிறது. வாதமென்று எண்ணெய் தேடி ஓடாதீர்கள், இது மூளையில் வரும் பக்கவாதம், மணியைப் பாருங்கள்!

முதலில் சிடி ஸ்கான். மூளையில் இரத்தக்கசிவு இல்லை, அடைப்புத்தான் என்றால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏறவேண்டும். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால், மண்டையைத் திறக்காமலே, தொடை நாடிக்குள்ளால் மெல்லிய குழாயை மூளைவரை செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் 6 மணித்தியாலத்துக்குள், சிலருக்கு 24 வரை. 1927இல் லிஸ்பனில் டாக்டர் எகாஸ் மொனிஸ் மூளையின் நாடிகளை எக்ஸ்ரேயில் காட்டியிராவிட்டால் இந்த வழியே திறந்திராது.

இந்தச் சிகிச்சை வசதிகள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. பேசாலையிலிருந்து போகும் தூரமும் நேரத்தைத் தின்னும். ஆகவே உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்குச் சுகமாயிருந்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.