கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு

(ஊராட்சிச் செயலர்கள், மகளிர் சுயஉதவிக் குழுப் பிரதிநிதிகள், கடலோர ஊர்களின் இளைஞர்கள் ஆகியோருக்கு நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. ஒரு கைப்பேசியில் உள்ள படத்தையோ, படிவத்தையோ, ஒளிக்காட்சியையோ மற்றொரு கைப்பேசிக்கு மாற்றுவது எப்படி, அதற்கு எந்தச் செயலி உகந்தது என்பதே அது. விதையையும் உரத்தையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் இதற்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆனால் வேலைத்தளத்தின் வருகைப் பதிவும், கட்டப்படும் வீட்டின் படமும், குழுக் கூட்டத்தின் தீர்மானமும் இன்று கைப்பேசியிலேயே பிறந்து கைப்பேசியிலேயே பயணம் செய்கின்றன என்பதை நீங்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள்.

முதலில் செலவுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பயிற்சிப் படம் 500 எம்.பி. அளவுள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் அதைத் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கினால் 6,000 எம்.பி. டேட்டா செலவாகிறது. ஒரு சகோதரி மட்டும் இறக்கி, மற்ற பதினொருவரும் அவரிடமிருந்து நேரே பெற்றுக்கொண்டால் செலவு 500 எம்.பி.யோடு நின்றுவிடும். ரீசார்ஜுக்குக் கொடுக்கும் பணமும் வீட்டுச் செலவுப் பணமே அல்லவா? பாரத்நெட் திட்டம் நம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்க வகுக்கப்பட்டது. அக்கம்பி ஊராட்சிக் கட்டடம் வரை வரும். அங்கிருந்து குப்பத்தின் கடைசி வீடு வரை செய்தியைக் கொண்டுசெல்வது மக்களின் கைகளே.

புயற்காலத்தில் இதன் அவசியம் இன்னும் கூடுகிறது. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளில் பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படுவதுண்டு. கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிட்டால் இணையம் என்பது பெயரளவுக்கும் இராது. முகாமில் தங்கியோரின் பட்டியலும், படகுகளின் விவரமும், சேதத்தின் படமும் அப்போது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே எந்தச் செயலியைக் காட்டினாலும், ‘இணையம் இல்லாதபோது இது இயங்குமா?’ என்று முதலில் கேட்கவேண்டும். ‘இது என் கைப்பேசியில் எதையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கிறது?’ என்பது அடுத்த கேள்வி. வேகத்தைப் பற்றிய விசாரணை இவ்விரண்டுக்கும் பிறகே.

புளூடூத் எல்லோரும் அறிந்த பழைய முறை. இணையம் வேண்டாம், தனிச் செயலியும் வேண்டாம். ஆனால் அதன் நடை மாட்டுவண்டி நடை. 100 எம்.பி. கோப்பு ஒன்று போய்ச்சேர ஏழு நிமிடமாவது ஆகும். ஒரு படிவம், இரண்டு புகைப்படம் என்றால் அதுவே போதும். அதற்குமேல் அதை வருத்தக்கூடாது.

அந்த மந்த கதியால்தான் ஷேர்இட், செண்டர் முதலிய செயலிகள் ஒரு காலத்தில் ஊர்தோறும் பரவின. இரண்டு கைப்பேசிகளும் தமக்குள் வைஃபை இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால், புளூடூத்தில் ஏழு நிமிடம் எடுக்கும் கோப்பு இவற்றில் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டேட்டாவும் செலவாகாது. இவற்றின் தொண்டை மறுப்பதற்கில்லை. ஆனால் வேண்டாத விளம்பரங்களும், வேண்டாத அனுமதிகளும் கூடவே வந்தன. 2020 ஜூன் 29ஆம் நாள் மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 59 செயலிகளைத் தடைசெய்தது. ஷேர்இட், செண்டர் இரண்டும் அப்பட்டியலில் இருந்தன. 2021 பிப்ரவரியில் ட்ரெண்ட் மைக்ரோ என்னும் பாதுகாப்பு நிறுவனம், ஷேர்இட் செயலியில் உள்ள ஓட்டைகளின் வழியே தீயவர் புகுந்து கருவியிலுள்ள தகவலைக் கவர முடியும் என்று வெளியிட்டது.

தடை வந்து ஆண்டுகள் பல ஆகியும், பழைய கருவிகள் சிலவற்றில் இச்செயலிகள் குடியிருக்கக் காண்கிறோம். ‘நன்றாகத்தானே வேலை செய்கிறது’ என்பது விடை. பூட்டு நன்றாகத் திறக்கிறது என்பதற்காக, சாவி யார் யாரிடம் உள்ளது என்று பாராமல் இருப்போமா? அதிகாரபூர்வமான கடையிலிருந்து நீக்கப்பட்ட செயலிக்குத் திருத்தங்கள் முறையாக வருவதில்லை.

இவற்றிற்கு மாற்று பெரும்பாலோர் கைப்பேசியில் ஏற்கெனவே உள்ளது. 2020 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் நியர்பை ஷேர் என்னும் வசதியை ஆண்ட்ராய்டு 6 முதலான கருவிகளுக்கு அளித்தது. 2024 ஜனவரியில் அது சாம்சங்கின் குவிக் ஷேருடன் இணைந்து அப்பெயரையே பெற்றது. புதிதாக எதையும் இறக்க வேண்டாம், விளம்பரம் இல்லை, இணையமின்றியும் இயங்கும். பெறுபவர் ‘ஏற்கிறேன்’ என்று ஒப்பினாலன்றி அயலாரின் கோப்பு உள்ளே வராது. ‘எல்லோருக்கும் தெரியும்படி’ என்ற அமைப்பை மட்டும் வேலை முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். சுற்றுலாக் கூட்டம் மிகுந்த மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பது விவேகமன்று.

ஒருவரிடம் ஐபோன், மற்றவரிடம் ஆண்ட்ராய்டு, அலுவலகத்தில் கணினி என்று இருந்தால் லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி கைகொடுக்கிறது. இதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாக் கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. வைஃபை இல்லையெனில் ஒரு கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து மற்றவற்றை அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஊராட்சிச் செயலர்களுக்கு நாம் முதலில் சிபாரிசு செய்வது இதையே.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப் தூரத்தில் இருப்பவருக்கு நல்லது. அடுத்த திண்ணையில் இருப்பவருக்கும் அது டேட்டாவைச் செலவழித்தே அனுப்பும். மேலும் புகைப்படத்தைச் சுருக்கிவிடும். இது நம் சிற்பிகளுக்கு நேரும் நஷ்டம். மாமல்லபுரம் கற்சிற்பம் 2017இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். உளியின் நுண்மை புலப்பட எடுத்த படம், வெளியூர் வாடிக்கையாளரிடம் சேரும்போது மழுங்கிப்போனால் விலை எவ்வாறு கிடைக்கும்? படத்தைப் ‘புகைப்படம்’ என்று அனுப்பாமல் ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்பினால் அது சுருங்காது. 2022 முதல் 2 ஜி.பி. அளவு வரை ஆவணம் அனுப்ப வழியுண்டு. சிற்பிகள் இந்த ஒன்றையாவது இன்றே கைக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி, எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்யும் விஷயம். கோப்பு என்பது வேறு. செயலி என்பது வேறு. படத்தைக் கைமாற்றுவதுபோல் செயலியையே கைமாற்றும் வழக்கம் நம் இளைஞரிடையே உள்ளது. ஏ.பி.கே. என்று பெயர் முடியும் கோப்பு படமன்று, கடிதமன்று. திறந்தவுடன் கருவிக்குள் குடியேறத் துடிக்கும் செயலி. திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும், பிரதம மந்திரி கிசான் உதவி என்றும் வேடமிட்டு இத்தகைய கோப்புகள் வாட்ஸ்அப்பில் நாடெங்கும் உலவின. நிறுவியவுடன் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ரகசிய எண் முன்பின் அறியாதவன் கைக்குப் போய்விடும். அழைப்பிதழுக்குக் குறுஞ்செய்தியைப் படிக்க வேண்டிய அவசியம் என்ன என்று ஒரு கணம் யோசித்தால் போதும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்பதும் சமாதானமாகாது; அவர் கருவி முன்னரே பறிபோயிருக்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழுவின் சேமிப்பும் கடனும் உங்கள் கையொப்பத்தில் நடக்கின்றன. அந்தக் கணக்கோடு இணைந்த கைப்பேசியைப் பிள்ளைகள் விளையாடவும் சினிமா இறக்கவும் கொடுப்பது தகாது. வீட்டில் இருப்பது ஒரே கருவியானால், புதுச் செயலி எதையும் தாய்க்குத் தெரியாமல் நிறுவக்கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

உணவுக்குப் பின் எல்லோரும் கைப்பேசியுடன் கூடத்துக்கு வரவேண்டுகிறோம். டேட்டாவை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் குவிக் ஷேர் மூலம் ஒரு படம் அனுப்பிப் பழகுவோம். ஷேர்இட், செண்டர் இன்னும் வைத்திருப்போர் முன்வரிசையில் அமரலாம். அவற்றை நீக்கிய பிறகே பாடம் தொடங்கும்.