மூன்று குவியல்: அரிப்புக் கடலில் பொறுப்பும் பங்கும்

ஒருவர் தமக்கு இடப்பட்ட பணியை, மேலதிகாரியின் கண் தம்மீது இல்லாதபோதும் தம்முடையதாகவே எண்ணிச் செய்யும் மனநிலையை நிருவாகவியல் பொறுப்புரிமை என்றும், ஏவலுக்குக் காத்திராமல் தேவையை உணர்ந்து செயலில் இறங்குவதை முன்முயற்சி என்றும் வழங்கும். இன்று பட்டம் பெறுவோர் நாளை சேரவிருக்கும் திணைக்களங்களிலும் வங்கிகளிலும் தனியார் நிறுவனங்களிலும் இவ்விரு சொற்களும் ஓயாமல் ஒலிக்கும். ஆயினும் அங்கு அவை ஊழியரின் குணத்தைப் பற்றிய சொற்களாகவே எடுத்தாளப்படுவதும், அக்குணம் வாய்க்காதவர் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பப்படுவதும் வழக்கம். பொறுப்புணர்வு குணத்திலிருந்து பிறப்பதைக் காட்டிலும் பணியின் அமைப்பிலிருந்தே பெரிதும் பிறக்கிறது என்பதற்கு, மன்னார் மாவட்டத்தின் அரிப்பிலிருந்து சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வரையான கரையில் நடந்த முத்துக்குளிப்பைவிடத் தெளிவான சான்று தேடுவது அரிது.

முத்துச்சிப்பி படிந்து வளரும் கடலடித் திட்டு பார் எனப்படும். குளியாளி காலிற் கல் தாங்கிப் பாருக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சுக்குள் கையிற் பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரி, கயிற்றை அசைத்துக் குறிப்புக் காட்ட, வள்ளத்தில் நிற்பவர் அக்கணமே அவரை மேலே இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் சற்றுப் பராக்குப் பார்த்தாலும் கீழிருப்பவரின் உயிர் போகும் என்பதால், அப்பணியில் கவனத்தை எவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 318 வள்ளங்களும் ஏறத்தாழ 5,000 குளியாளிகளும் ஈடுபட்டு, 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளைக் கரைசேர்த்தனர்.

இத்தனை பேரைக் கண்காணிப்பது எங்ஙனம் என்பது ஆட்சியாளரின் நெடுநாளைய கவலை. ஆளுநர் பிரெடரிக் நோர்த் குளிப்பு நடக்கும் கடலைப் பார்த்தவாறு அரிப்பில் எழுப்பி 1804இல் முடித்த டொரிக் மாளிகை அக்கவலையின் கல்வடிவம் எனலாம். ஆனால் மாளிகையின் மேற்தளத்தில் நிற்பவரின் பார்வை பல பாக ஆழத்துக் கடலடிக்குச் செல்லாது. கரை அரித்துச் சுவர்கள் கடலில் விழுந்துகொண்டிருக்கும் அவ்விடிபாட்டைவிட, கொட்டில் வழங்கிய எளிய விதியொன்று கண்காணிப்பை நன்கு செய்தது. கொட்டு என்பது சிப்பிகளை எண்ணிப் பிரிக்கும் வேலியடைத்த வெளி. ஒவ்வொரு வள்ளத்தின் குளியாளிகளும் தம் சிப்பிகளைத் தாமே மூன்று குவியலாக்குவர். அவற்றுள் எந்த இரண்டு அரசுக்கு என்பதைக் கொட்டு அதிகாரி சுட்டுவார். எஞ்சிய ஒன்றே குளியாளிகளுக்கு உரியது. தம் பங்கு எக்குவியல் என்று பிரிக்கும்போது தெரியாதாகையால் ஒரு குவியலைச் சிறுக்க வைப்பது தம் கையாலேயே தமக்குக் குழி வெட்டுவதாகிவிடும். கேம்பிரிட்ஜில் கற்று, 1904 இறுதியில் இலங்கைக்கு வந்து, 1906இல் தம் 25ஆம் வயதில் மறிச்சுக்கட்டியில் கொட்டு அதிகாரிகளுள் ஒருவராகப் பணியாற்றிய லெனார்ட் வுல்ஃப் இம்முறையைப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் விவரித்துள்ளார். இம்முறையிலும் ஓட்டை இருந்தது: கரைக்கு வரும் வழியில் சிப்பியைத் திறந்து முத்தை வாயில் ஒளித்தவர்கள் உண்டு, அதற்காக வள்ளங்களில் காவலாள் ஏற்றப்பட்டதும் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு கைவிட்டுப் போகும்போது அச்சபலம் எழாதிருந்தால்தான் வியப்பு.

இக்காலத்துக்கு வந்தால், இலங்கையில் 2020இல் வேலையற்ற பட்டதாரிகள் பல்லாயிரவர் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர். வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டபின் மேசையைப் பகிர்ந்து அமர்ந்திருந்தவர்களிடம் முன்முயற்சி இல்லை என்று சலித்துக்கொள்வது எளிது. பிரிப்பதற்குக் குவியலே தரப்படாதவரிடம் நேர்மையான பிரிப்பை எதிர்பார்ப்பதற்கு அது ஒப்பாகும். இன்று பட்டம் பெறுவோருள் சிலரேனும் இத்தகைய மேசையிலேயே பணியைத் தொடங்கக்கூடும். அவர்கள் முதலில் கேட்டுப் பெறவேண்டியது இன்ன கோப்பு, இன்ன கிராமம், இன்ன கணக்கு தம் பெயரில் நிற்கிறது என்ற வரையறையை ஆகும். அவர்களே பின்னாளில் குவியலைச் சுட்டும் இடத்தில் அமரும்போது, கொட்டு விதியின் எல்லையும் அவர்கள் கருத்தில் நிற்றல் வேண்டும்.

அவ்விதி குளியாளிக்குச் சிப்பியில் பங்கு தந்ததேயன்றிப் பாரில் எவ்வுரிமையும் தரவில்லை. மீண்டும் மீண்டும் அதே பாரில் மூச்சடக்கி இறங்கியவர்களின் அறிவு, எப்போது குளிப்பது, எவ்வளவு அள்ளுவது என்ற முடிவுகளில் குரலாகவில்லை. 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டு, பார்களின் வளத்தையும் வறட்சியையும் ஆராய்ந்து ஐந்து பகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். அவ்வெளியீடு முடிந்த 1906ஆம் ஆண்டிலேயே பார்கள் ஆண்டுக்கு 310,000 ரூபாய் வாடகையில் 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு நிறுவனத்திடம் சென்றன. மணற்பெயர்வு, சிப்பி தின்னும் மீன், அளவு மீறிய அள்ளல் எனக் காரணங்கள் பல கூறப்பட்டாலும், 1907க்குப் பின் பார்களில் குளிக்கத்தக்க சிப்பி இல்லாமற்போயிற்று. அடுத்த குளிப்பு 1925இல்தான் நடந்தது.